நூற்றுக்கு மூன்றா, டீச்சர்?

தேர்ச்சி அட்டை கொடுத்த மறுநாள் காலை. வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வாசல் தூணோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை ஓட்டுபவர். வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தார். கையில் மகளின் அட்டை. அவர் சட்டை நுனியைப் பிடித்தபடி, அழுது வீங்கிய கண்களோடு அந்த மகள். ஒன்றாம் ஆண்டு மாணவி.

“டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து எங்கம்மாதான் வந்து அட்டையை வாங்கிக்கிட்டு வந்தாங்க. ராத்திரி பார்த்தேன். தமிழுக்கு மூணு, கணக்குக்கு மூணு, மலாய்க்கு ரெண்டு. நூத்துக்கு மூணா வாங்கினா எம் மக?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரவு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

“பட்டணத்துப் பள்ளிக்கு மாத்திடலாம்னு வீட்டுல பேச்சு. இங்க புள்ளைங்க கம்மி. பாதி நேரம் விளையாட்டுதான்னு சொல்றாங்க” என்று முடித்தார்.

அன்பு வாசகர்களே, ரந்தாவ் பக்கம் உள்ள எங்கள் பள்ளியில் அப்போது மொத்தம் 26 பிள்ளைகள். அதில் ஒன்று குறைந்தால் எங்களுக்கு அது பெரிய கணக்கு. ஆனாலும் அந்தக் கவலையை அன்று ஒதுக்கி வைத்துவிட்டேன். அவர் கேட்ட கேள்வியை இன்றைக்கு நெகிரி செம்பிலானில் எத்தனையோ தாய் தகப்பன்மார் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். லாரிக்காரத் தம்பி வாய் விட்டுக் கேட்டார், அவ்வளவுதான்.

முதலில் அந்த ‘மூன்று’ என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது மதிப்பெண் அல்ல, அடைவு நிலை. மொத்தம் ஆறு நிலைகள் உண்டு. ஒரு திறனைப் பிள்ளை அறிந்திருக்கிறது என்றால் ஒன்று. அறிந்து புரிந்தும் கொண்டது என்றால் இரண்டு. புரிந்ததைச் செய்தும் காட்டுகிறது என்றால் மூன்று. அதையே ஒழுங்கு முறையோடு செய்தால் நான்கு. பாராட்டும்படி செய்தால் ஐந்து. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தால் ஆறு. மூன்றைத் தொட்ட பிள்ளை அந்த வகுப்பில் எதிர்பார்த்த அளவைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்தத் தம்பி அடித்தது, தமிழிலும் கணக்கிலும் தேறிய பிள்ளையை!

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. அவர் வளர்ந்த காலம் வேறு. 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வுதான் தொடக்கப்பள்ளிக் கல்விக்கு அளவுகோலாக இருந்தது. ஏழு பாடத்திலும் ‘ஏ’ வாங்கிய பிள்ளைகளின் படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. அந்தப் பக்கத்தை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்கான பரீட்சைகளை எடுத்தார்கள். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே போய்விட்டது. எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ‘மூன்று’ என்றால் நூற்றில் மூன்றாகத்தான் தெரியும். இந்த மாற்றத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நானும் சரியாகச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒரு தாளைப் படித்தேன், கையெழுத்து வாங்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

“தம்பி, ஒரு நாள் காலையில வந்து பின்னால உக்காருங்க. என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்க” என்றேன். அவருக்கு அன்று லோடு இருந்தது. வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாசகர்களே, அதற்குள் உங்களையும் எங்கள் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

முன்பெல்லாம் பெற்றோர் விடிவதற்குள் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அக்காள் தம்பியைக் குளிப்பாட்டிக் கையைப் பிடித்து லயத்திலிருந்து நடத்திக் கூட்டி வருவாள். இன்றைக்கு லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கிறது. மீதியில் இந்தோனேசியத் தொழிலாளிகளும் வங்காளதேசத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் தாமான் வீடுகளிலிருந்து வேனில் வருகிறார்கள். ஏழு மணிக்கெல்லாம் வந்து இறங்குகிற பிள்ளைகளில் சிலர் வெறும் வயிறு. துணை உணவுத் திட்டத்தில் கிடைக்கும் பசியாறலை முடித்த பிறகுதான் அவர்கள் முகத்தில் வெளிச்சம் வரும். சபை கூடலில் தேசிய கீதம், மாநில கீதம், 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா, பிறகு கவிஞர் சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்து. பிறகு வரிசையாக வகுப்புக்கு.

முதல் பாடம் தமிழ். ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில் உட்காருகின்றன. முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளில் இப்படித்தான், இரண்டு ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துவார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிச் சொல்லியே நாம் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் தெரிந்து, கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளும் பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். ‘கா’வுக்குப் போட்ட காலைத்தானே ‘மா’வுக்கும் போடுகிறோம்? பிள்ளை தடுக்கி விழுகிற பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. அது உகர வரிசை. கு, சு, து ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஓசை ஒன்று, வடிவம் மூன்று விதம். அதனால் நான் இந்த வரிசையை மூன்று குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கு, டு, மு, ரு, ழு, ளு சுருட்டி எழுதும் குடும்பம். ஙு, சு, பு, யு, வு நேரே கீழே இறங்கும் குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு வளைந்து மேலே எழும்பும் குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுவரில் ஓர் அட்டை வீடு. எழுத்து அட்டையை எடுத்துப் பிள்ளை அந்தந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அந்த எழுத்து வரும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்குப் பிள்ளைகள் எழுந்து ஓடுவதுதான் தெரியும். விளையாட்டு என்று சொல்வதும் இதைத்தான்.

அந்த லாரிக்காரத் தம்பியின் மகள் ஆண்டுத் தொடக்கத்தில் வாயே திறக்கமாட்டாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் கையில் ஒரு பொட்டலத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, விரலால் தொட்டுத் தொட்டு, “மு... று... க்... கு” என்றாள். உடனே, “டீச்சர், இதுல ரெண்டு பேரு ஒரு வீடு, நடுவுல உள்ளவன் வேற வீடு” என்றாள். முறுக்குப் பொட்டலத்தில் அச்சாகியிருந்த சொல் அது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அட்டையில் நான் போட்ட ‘மூன்று’, அன்றைக்கு அவள் படித்துக் காட்டிய அந்தச் சொல்லுக்குத்தான்.

இன்னொரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பவர் பாட்டி. 1970-களில் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அழகான கையெழுத்து. ஒரு நாள் வீட்டுப்பாடப் புத்தகத்தில் ‘யானை’ என்ற சொல்லைப் பழைய முறையில், ‘னை’க்கு முன்னால் தும்பிக்கை வைத்து எழுதியிருந்தார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “பாட்டிக்கு எழுதவே தெரியல டீச்சர்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

பாட்டி எழுதியதில் தவறே கிடையாது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்கு முன்பு தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935-இலேயே தம் ‘குடிஅரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். 1978-இல்தான் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. பிறகு நம் நாட்டுப் பாடநூல்களும் அந்த வடிவத்துக்கு மாறின. பாட்டி பள்ளியை விட்ட பிறகு எழுத்து மாறியது. யாரும் அவருக்குக் கடிதம் போட்டுச் சொல்லவில்லை! அன்று நான் கரும்பலகையில் இரண்டு ‘யானை’யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, “இது பாட்டி யானை, இது பேத்தி யானை” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். சேதி பாட்டி காதுக்கும் போயிருக்கிறது. “அப்ப இந்தக் காலத்து யானைக்குத் தும்பிக்கையே இல்லையா?” என்று கேட்டாராம்.

அடுத்தது கணக்கு. எங்கள் அலமாரியில் ஒரு டின் நிறைய ரப்பர் விதை இருக்கிறது. தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டாலும் ஆற்றோரம் கொஞ்சம் பால்மரம் மிச்சம் நிற்கிறது. காய் வெடிக்கும் பருவத்தில் பொறுக்கி வந்தவை. இந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துக் கத்த விடாத தோட்டத்துப் பிள்ளை யாராவது உண்டா? (பச்சையாக வாயில் போடக் கூடாது, நஞ்சு. இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைப்பேன்.)

ரப்பர்க் காயைப் பிளந்தால் மூன்று அறை. அறைக்கு ஒரு விதை. மூன்றாம் வாய்ப்பாடு சொல்லித் தர இதைவிட நல்ல கருவி எந்தக் கடையில் கிடைக்கும்? இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் காய் ஓடுகளைக் கொடுத்து, ஓட்டுக்கு மூன்றாக விதையை வைக்கச் சொல்வேன். ஒரு காய்க்கு மூன்று, இரண்டு காய்க்கு ஆறு, ஏழு காய்க்கு இருபத்தொன்று. அதே மேசையின் மறுபக்கம் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அதே விதைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவார்கள். ஒரு தடவை இருபது விதையைக் கொடுத்து, எத்தனை காயிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். ஒரு பையன் ஆறு காய் அடுக்கினான். கையில் இரண்டு மீதி. வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஏழாவது காயில ஒண்ணைப் பூச்சி தின்னுருச்சு டீச்சர்” என்றான். மீதி என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதிலும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. நம் லாரிக்காரத் தம்பியின் மனைவி செனவாங் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிப் போகிறவர். 2003-இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தவர். அந்த ஆண்டில்தான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் ஒன்றாம் ஆண்டில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியிலேயே படித்தும் அவர் கணக்கை ஆங்கிலத்தில்தான் படித்தார். 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. சில ஆண்டுகளில் பாடம் தமிழுக்குத் திரும்பியது. இன்றைக்கு மகள் புத்தகத்தில் ‘பெருக்குத் தொகை’, ‘வகுத்தல்’, ‘செவ்வகம்’ என்று பார்த்தால் அந்தத் தாய் திகைக்கிறார். கணக்குத் தெரியாமல் இல்லை; கணக்கின் பெயர்கள்தாம் தெரியவில்லை. நான் படித்த காலமும் வேறு. 1983-இல் நாடு முழுவதும் வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில், குழு குழுவாக உட்கார்ந்து படித்தவள் நான்.

ஒரே வீட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டியின் எழுத்து ஒரு வகை. அம்மாவின் கணக்கு ஒரு மொழியில். அப்பாவின் மனத்தில் ஏழு ‘ஏ’. பிள்ளையின் கையில் அடைவு நிலை மூன்று. நால்வரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் புத்தகம் இன்னொருவருக்குப் புரியவில்லை. பிள்ளை படிக்கவில்லை என்று நினைத்துக் கையை ஓங்குவது இந்தக் குழப்பத்திலிருந்து வருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலாய்ப் பாடத்துக்கு வருவோம். அந்தக் குழந்தை வாங்கிய ‘இரண்டு’க்கும் காரணம் இருக்கிறது. தமிழில் ‘க’ ஒன்றுதான். இடத்துக்கு ஏற்றபடி வல்லோசையாகவோ மெல்லிய ஓசையாகவோ ஒலிக்கிறோம். ‘ப’வும் ‘த’வும் அப்படியே. ரூமி எழுத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துண்டு. மலாயில் பணக்காரனைச் சொல்லும் சொல்லையும், பாணி என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘காயா’தான்! ரொட்டியில் தடவும் காயாவையும் சேர்த்தால் மூன்று. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை இந்த ஓசைகளைப் பிரித்துக் கேட்பதில்லை. எழுதும்போது மாற்றி எழுதும். அது மக்குத்தனம் இல்லை. காது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். தொண்டையில் கையை வைத்துச் சொல்லச் சொல்வேன். ஒரு சொல்லுக்கு முதல் எழுத்திலேயே தொண்டை அதிரும்; மற்றதற்குச் சற்றுப் பிந்தி அதிரும். வகுப்பு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தலைமையாசிரியர் ஒரு நாள் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இருமலா என்று கேட்டார்.

ஓய்வுக்குப் பிறகு அறிவியல். எது தண்ணீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது, காந்தம் எதை இழுக்கும் என்று தட்டு தட்டாகப் பொருள்களை வைத்துச் சோதிப்பார்கள். கடைசியில் ஆத்திசூடி. அதை ராகம் போட்டுச் சொல்லும்போது ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் குரல்தான் ஓங்கி நிற்கும். பொருள் பாதிதான் புரிந்திருக்கும். பரவாயில்லை, பிறகு புரியும் என்ற கட்சி நான்.

இனி, இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து நடத்தும் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதில் எல்லாம் நன்மை என்று நான் பூசி மெழுக மாட்டேன். அரை மணி நேரப் பாடத்தில் பாதி நேரம் ஒரு பக்கம் காத்திருக்கிறது. பந்தாட்டக் குழு அமைக்கப் பையன்கள் போதவில்லை. ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு மாணவி இருந்த ஆண்டும் உண்டு. தோழி இல்லாமல் அவள் ஆசிரியர் அறை வாசலிலேயே நிற்பாள். இதெல்லாம் இழப்புதான். ஆனால் மேசையின் மறுபக்கம் நடக்கும் பாடம் சின்னப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை விதையை எண்ணிக்கொண்டே மூன்றாம் வாய்ப்பாட்டைச் சேர்ந்து முணுமுணுக்கிறது. ஒரு பிள்ளை இன்று சாப்பிடாமல் வந்ததும், நேற்று வீட்டில் சண்டை என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டணத்துப் பள்ளியில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் அந்த முறுக்குப் பொட்டலம் யார் கண்ணில் பட்டிருக்கும்?

சிறிய பள்ளி என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்தார். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் வெளியேற, பள்ளிகள் குறைந்துகொண்டே வந்து இன்று ஏறக்குறைய 530 இருக்கின்றன. நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60. லின்சம், சுவா பெத்தோங், கிர்பி, கெடஸ், ஜெராம் பாடாங், ரீஜெண்ட் என்று பள்ளிப் பெயர்களைச் சொன்னால் அது அப்படியே தோட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான். அந்தக் கொட்டகைகளில் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம்மிடையே ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன். வாசிக்கச் சொன்னால் மௌனம். அட்டை எழுதும் நாள் வந்தது. எல்லா நிலைகளையும் இரவுக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் வாசிப்புக்கு ‘ஒன்று’ போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, திடலோரம் அவன் தம்பிக்கு ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தான். எனக்கு முன்னால் படிக்கத்தான் பயம். நான் திருத்திக்கொண்டே இருப்பேன் என்ற பயம். அட்டையைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அந்த ‘ஒன்று’க்காக அவன் வீட்டில் என்ன பட்டானோ, அதை எப்படித் திருத்துவது? அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் வாசிப்பை மூன்று இடத்தில் கேட்காமல் எண் போடுவதில்லை: என் பக்கத்தில், தோழனிடத்தில், தனியாக இருக்கும்போது.

ஆகவே பெற்றோரே, அட்டை கைக்கு வந்ததும் எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘என் பிள்ளை எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியர் கடமைப்பட்டவர். பதில் இல்லை என்றால் அடுத்த வாரம் திரும்பப் போய்க் கேளுங்கள். வீட்டில் சாமான் வாங்கி வந்தால் பொட்டலத்தில் உள்ள பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆறு முட்டையை மூன்று பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல் தெரியாவிட்டால் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொல்லித் தருவதில் பிள்ளைக்கு வரும் பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. பாட்டிக்குப் பழைய எழுத்துத்தான் தெரியும் என்றால் தாராளமாக எழுதட்டும்.

வியாழக்கிழமை அந்தத் தம்பி சொன்னபடி வந்தார். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். கைப்பேசி இரண்டு தடவை அடித்தது, அணைத்துவிட்டார். கணக்குப் பாடத்தில் மகள் அவர் முன்னால் போய் நின்று, விதைகளைப் பத்துப் பத்தாக வைத்து நாற்பத்து மூன்று வரை எண்ணிக் காட்டினாள். பிறகு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓட்டில் அடுக்குவதைப் பார்த்து, தானும் ஐந்து ஓடு எடுத்து மூன்று மூன்றாக வைத்தாள். “அப்பா, எவ்வளவு சொல்லுங்க?” என்றாள். அவர் வாய்க்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

மணி அடித்ததும் எழுந்து வந்தார். பள்ளி மாற்றும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“டீச்சர், டின்னுல விதை பாதி சொத்தையா இருக்கே?”

“ஆமா தம்பி, போன வருஷத்து விதை. வண்டு வச்சிருச்சு.”

“சிலியாவ் பக்கம் சின்னத் தோட்டம் ஒண்ணு இருக்கு. பால்மரந்தான். லோடு இறக்கிட்டு வர்றப்போ பார்க்கிறேன்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மகள் இரண்டு கையாலும் ஒரு பெரிய மைலோ டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினாள். டின் கழுத்து வரை விதை. மேலே ஒரு துண்டுத் தாளில், ‘ரப்பர் விதை, 300’ என்று அவளே எழுதியிருந்தாள். எண்ணிப் பார்த்தோம். 297 இருந்தது. மூன்று வழியில் விழுந்திருக்கும் என்றாள். ஒரு காய்க்கு உள்ளது போனது என்று இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்.